1897 இன் பிரம்பும் 1935 இன் மருந்துப் போத்தலும்

சில மாதங்களுக்கு முன்னர் வெள்ளவத்தையில் ஒரு திருமண வீட்டில், ஓய்வுபெற்ற நிர்வாக சேவை அதிகாரி ஒருவருக்குப் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட நேர்ந்தது. நாற்பது வருடப் பழக்கம். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கொவிட் காலத்துக்கு வந்தது. அவர் சொன்னார்: "நீர் என்னத்தை எழுதினாலும், இறுக்கிப் பிடிச்சபடியால்தான் சனம் தப்பினது. எங்கட ஆக்களுக்குப் பிரம்பு இல்லாட்டில் ஒண்டும் நடவாது. அடுத்தமுறை வந்தாலும் ஆமியிட்டைத்தான் குடுக்க வேணும்."

பந்தியில் இருந்து வாதிடுவது அழகல்ல என்பதால் நான் பேசாதிருந்தேன். ஆனால் அவருடைய கருத்து அவருடையது மட்டுமன்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படித்தவர்கள் மத்தியில் பரவலாகக் காணப்படும் கருத்து அது. ஜனநாயகம் சாதாரண நாட்களுக்கு உரியது என்றும், கொள்ளைநோய்க்குத் தேவை கட்டளையே என்றும் இவர்கள் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை வரலாற்றுக்கு முரணானது. அதைவிட, ஆபத்தானது. அவருக்கு அன்று சொல்லாத பதிலை இங்கு எழுதுகின்றேன்.

கொள்ளைநோய்கள் வந்து போகும். அவற்றை முன்னிட்டு அரசாங்கங்கள் செய்கின்ற காரியங்கள் மட்டும் போவதில்லை. அவசரத்தில் எழுதிய சட்டம் நூறு வருடம் நிற்கும். அவசரத்தில் திறந்த வைத்தியசாலையும் நூறு வருடம் நிற்கும். எது நிற்க வேண்டும் என்பதைக் கிருமி தீர்மானிப்பதில்லை. அந்த வேளையில் யாருடைய குரலுக்கு அரசாங்கம் அஞ்ச வேண்டியிருந்ததோ, அவர்கள்தான் தீர்மானித்தார்கள். இலங்கையின் வரலாற்றிலேயே இதற்கு இரண்டு தெளிவான சான்றுகள் உள்ளன. ஒன்று 1897 ஆம் ஆண்டுக்குரியது. மற்றது 1935 ஆம் ஆண்டுக்குரியது.

பிளேக் தந்த பிரம்பு

1896 இல் பம்பாயில் பிளேக் நோய் வெடித்தது. 1897 பெப்ரவரியில் பிரித்தானிய இந்திய அரசாங்கம் கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. மிகச் சிறிய சட்டம் அது. அரசாங்கம் தனக்குத் தேவையெனத் தோன்றிய எதையும் செய்யலாம் என்பதே அதன் சாரம். பூனாவில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து நோயாளரைத் தேடினர். பெண்களின் அறைகளுக்குள்ளும் பூசை அறைகளுக்குள்ளும் சென்றனர். மக்களின் ஆத்திரம் முற்றி, அந்நடவடிக்கைகளுக்குப் பொறுப்பாக இருந்த ராண்ட் என்ற அதிகாரி 1897 ஜூனில் சுடப்பட்டார். அதே ஆண்டிலே பத்திரிகாசிரியரான பாலகங்காதர திலகர் தமது ஏட்டில் வெளியானவற்றுக்காக இராஜதுரோகக் குற்றச்சாட்டில் சிறை சென்றார். பிளேக் தடுப்புச் சட்டம் பிறந்த அதே வருடத்தில் ஒரு பத்திரிகையாளனும் சிறைக்குப் போனான் என்பதை என் தொழிலைச் சேர்ந்தவர்கள் மறத்தலாகாது.

அதே 1897 இல் இலங்கையிலும் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அந்த ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம். துறைமுகத்தையும் தோட்டங்களையும் காப்பதே குடியேற்ற ஆட்சியின் தலையாய கவலை. கப்பலில் நோய் வந்தால் வர்த்தகம் நின்றுவிடும். தென்னிந்தியக் கூலியாட்களோடு நோய் வந்தால் தேயிலைத் தோட்டங்கள் நின்றுவிடும். சட்டம் யாரைக் கண்காணிக்க எழுந்ததோ, அவர்களிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அவர்களுக்கு வாக்குரிமையும் இருக்கவில்லை.

மலையகத் தமிழரின் மூத்த தலைமுறைக்கு மண்டபம் முகாம் என்ற பெயரை விளக்க வேண்டியதில்லை. இராமேஸ்வரத்துக்கு அப்பால், இந்திய மண்ணிலே, இலங்கை அரசாங்கம் நடத்திய தனிமைப்படுத்தல் முகாம் அது. தோட்டங்களுக்கு ஆட்சேர்க்கப்பட்டவர்கள் அங்கே தடுத்து வைக்கப்பட்டு, பரிசோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். தோட்டங்களுக்கு ஆட்சேர்க்கும் காலம் முடிந்தது. முகாம் முடியவில்லை. 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அதே மண்டபத்தில்தான் இறக்கப்பட்டார்கள். 1983 க்குப் பின்னர் படகேறிப் போன ஈழத்து அகதிகளும் அதே மண்டபத்தில்தான் பதியப்பட்டார்கள். நோயைத் தடுப்பதற்கென்று கட்டிய வேலி, நோய் போன பின்னரும் மனிதரைத் தடுப்பதற்கு உதவியது. நீண்டகால அரசாங்கக் கொள்கை என்று பெரிய வார்த்தையில் சொல்லப்படுவது நடைமுறையில் இதுதான்.

மலேரியா தந்த மருந்துப் போத்தல்

இனி மற்றச் சான்றுக்கு வருவோம். 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. ஓடுகின்ற ஆற்றில் முட்டையிட முடியாத நுளம்பு, குட்டைகளில் பெருகியது. வழக்கமாக மலேரியா அதிகம் இல்லாத ஈரவலயத்தின் எல்லைப் பகுதிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன. அங்குள்ள மக்களின் உடலில் நோயைத் தாங்கும் பழக்கம் இருக்கவில்லை. கேகாலை, குருணாகல் மாவட்டங்கள் மோசமாகத் தாக்கப்பட்டன. வரட்சியால் அறுவடையும் இல்லை. 1934 இன் இறுதியில் ஆரம்பித்து அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. நாட்டின் சனத்தொகை ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த காலம் அது. கைக்குழந்தைகளும் சிறுவர்களும் அதிகமாக மடிந்தனர்.

தொழிலின் ஆரம்ப காலத்தில், ஒரு சிறப்பிதழுக்காக அந்த மாதங்களின் பழைய பத்திரிகைத் தொகுதிகளைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கை பட்டாலே நொறுங்கும் தாள்கள். கொயினாவும் அரிசியும் கேட்கின்ற கடிதங்கள், அரசாங்கம் தூங்குகிறது என்ற கண்டனங்கள். ஒரு விடயம் அன்றே என் மனதில் பதிந்தது. எழுதியவர்கள் கெஞ்சவில்லை. கேள்வி கேட்டார்கள்.

அவர்களுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? மூன்று வருடங்களுக்கு முன்னர், 1931 இல், டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது. கேகாலைக் கிராமத்திலே பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாய்க்கும் ஒரு வாக்கு. அரசாங்க சபையின் உறுப்பினர்கள் 1936 இல் மீண்டும் அவளிடம் வர வேண்டியிருந்தது.

அரசாங்கத்துக்கு முன்னரே அந்தத் தாயிடம் வேறு சிலர் போய்ச் சேர்ந்தனர். முதலாம் உலகப் போரின் நினைவாகப் பிரித்தானியர் விற்ற பொப்பி மலருக்குப் போட்டியாகச் சூரிய மலரை விற்ற இளைஞர்கள், அந்த இயக்கத்தையே நிவாரணப் படையாக்கிக் கிராமங்களுக்குள் இறங்கினார்கள். மருத்துவரான எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா ஆகியோர் அவர்களுள் அடங்குவர். மருந்தோடு பருப்பும் மார்மைட்டும் பகிர்ந்தார்கள். வெறுவயிற்றில் கொயினா வேலை செய்யாது என்பதை அவர்கள் கண்டுகொண்டிருந்தனர். என். எம். பெரேராவுக்குக் கிராமத்தவர் சூட்டிய பெயர் 'பருப்பு மாத்தயா'. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1936 தேர்தலில் ருவன்வெல்லையில் என். எம். பெரேராவும் அவிசாவளையில் பிலிப் குணவர்த்தனவும் வென்று அரசாங்க சபைக்குள் நுழைந்தனர். மலேரியா மாவட்டங்களின் மக்கள், தங்களுக்கு மருந்து கொண்டு வந்தவர்களை மறக்கவில்லை.

நாட்டை ஆண்டவர்கள் இதனை நன்றாகவே விளங்கிக்கொண்டார்கள். வைத்தியசாலை எட்டாத தூரத்தில் இருந்தமையால் மக்கள் இறந்தார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வைத்தியசாலையைக் கிட்டக் கொண்டுவருவதைத் தவிர வேறு பதில் இருக்கவில்லை. கிராமப்புற வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் ஊர் ஊராகப் பெருகிய காலம் அதன் பின்னர்தான் தொடங்கியது. தன் தொகுதிக்கு ஒரு வைத்தியசாலை கொண்டுவராத உறுப்பினர் அடுத்த தேர்தலில் தலைகாட்ட முடியாத நிலை உருவானது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும் நாடெங்கும் விரிந்தது. 1951 இல் அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணமே இல்லை என்றாயிற்று. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட முற்பட்டார்கள். 25 சதம்தான். அதுவும் 1977 இல் நீக்கப்பட்டது. இந்த நாட்டில் எந்தக் கட்சியும் தொட அஞ்சுகின்ற ஒரு கொள்கை உண்டென்றால் அது இலவச மருத்துவம். அதன் வேர்களில் பலமான ஒன்று 1935 இன் புதைகுழிகளுக்குள் இருக்கிறது.

ஆனால் இந்தச் சீதனம் எல்லோருக்கும் சமமாகப் பகிரப்படவில்லை என்பதையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. தோட்டத் தொழிலாளருக்கு 1931 இலேயே வாக்குரிமை நிபந்தனைகளோடுதான் கொடுக்கப்பட்டது. இருந்தும் 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். 1948 இல் குடியுரிமையும் தொடர்ந்து வாக்குரிமையும் பறிக்கப்பட்டன. 1952 இல் அக்கட்சியினர் ஒருவர்கூட இல்லை. நாட்டின் ஏனைய பகுதிகளிலே உறுப்பினர்கள் போட்டி போட்டு வைத்தியசாலை கட்டிய காலத்தில், மலையகத் தமிழனின் உடல்நலம் தோட்டத்துரையின் பொறுப்பில் விடப்பட்டிருந்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை 1990 களில்தான் ஆரம்பித்தது. வாக்கு இருந்த இடத்தில் வைத்தியசாலை வந்தது. வாக்கு பறிக்கப்பட்ட இடத்தில் அது அரை நூற்றாண்டு பிந்தியது. என் நண்பரான அதிகாரி இதற்கு என்ன விளக்கம் தருவாரோ அறியேன்.

மலேரியாவின் கதை அத்துடன் முடியவில்லை. 1946 இலிருந்து வீடு வீடாக டி.டி.ரி. தெளித்தார்கள். அந்த ஆண்டில் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த மரண வீதம் அடுத்த ஆண்டில் 14 அளவுக்கு வீழ்ந்தது. மருந்து தெளித்தமை மட்டும்தான் காரணமா, வைத்தியசாலைகளும் உணவுப் பங்கீடும் சேர்ந்து செய்த வேலையா என்ற விவாதம் அறிஞர்களிடையே உண்டு. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். வெற்றி கிட்டிவிட்டது என்று தெளிப்பதை நிறுத்தினார்கள். 1968, 69 ஆம் ஆண்டுகளில் நோய் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்தது. கொள்கையைக் கைவிட்டால் நோய் எவ்வளவு விரைவாகத் திரும்பி வரும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டியதில்லை. பின்னர் போர்க்காலத்திலும், எல்லைக்கோட்டின் இரு பக்கத்திலும், மலேரியாத் தடுப்பு ஊழியர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 இல் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இந்த வெற்றியைப் பிரம்பு பெற்றுத்தரவில்லை. எண்பது வருடம் விடாமல் வீடு வீடாக நடந்த கால்கள் பெற்றுத்தந்தன.

2020 இல் எதனைக் கையில் எடுத்தார்கள்?

இப்போது கொவிட் காலத்தை நோக்குவோம். 2020 மார்ச்சில் நாடளாவிய ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. நோய்த் தடுப்புச் செயற்பாட்டு மையத்துக்கு இராணுவத் தளபதி சவேந்திர சில்வா தலைவரானார். அவ்வாண்டு ஒக்டோபர் ஆரம்பம் வரையில் நாட்டில் இறந்தவர்கள் 13 பேர் மட்டுமே. இதைத்தான் என் நண்பர் பிரம்பின் சாதனை என்கிறார்.

நோயாளி யார் யாரைச் சந்தித்தார் என்று வீடு வீடாகப் போய் விசாரித்தவர் யார்? பொதுச் சுகாதாரப் பரிசோதகர். தனிமைப்படுத்தப்பட்ட வீட்டின் கர்ப்பிணிக்கு விற்றமின் குளிசை கொண்டு சென்றவர் யார்? குடும்பநல உத்தியோகத்தர். நோயாளரைக் காசு வாங்காமல் ஏற்றுக்கொண்டது எது? கிட்டத்து அரசாங்க வைத்தியசாலை. இவையெல்லாம் களுத்துறையில் விதைத்து, 1935 இன் பின்னர் வளர்ந்த பயிர். அறுவடை செய்தவர்கள் சீருடையில் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். விதைத்தவர்களின் பெயர் சொல்லப்படவில்லை. முதல் அலையில் மக்கள் மதிப்பைப் பெற்ற சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம் 2020 ஓகஸ்டில் சுற்றாடல் அமைச்சுக்கு அனுப்பப்பட்டார்.

பின்னர் என்ன நடந்தது? 2020 ஒக்டோபரில் 20 ஆவது திருத்தம் நிறைவேறி ஜனாதிபதியின் அதிகாரம் பெருகியது. 2021 ஜனவரியில் 25 மாவட்டங்களுக்கும் இராணுவ அதிகாரிகள் இணைப்பாளர்களாக நியமிக்கப்பட்டனர். வடக்கிலும் கிழக்கிலும் இறந்தோரை நினைவுகூர்வதைத் தடுக்கப் பொலிசார் நீதிமன்றங்களில் கொவிட் விதிகளைக் காட்டினார்கள். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணியைப் பெற ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். சுகாதார அமைச்சர் பவித்திரா வன்னியாராச்சியே அதைப் பகிரங்கமாக அருந்தினார். ஜனவரியில் அவருக்கும் கொவிட் தொற்றியது. 1935 இல் மருந்தும் பருப்பும் சென்ற அதே கேகாலையைச் சொல்கிறேன். 2021 நடுப்பகுதியில் நோய் உக்கிரமடைந்தபோது, நாட்டை மூடுமாறு வைத்தியர் சங்கங்கள் வாரக்கணக்கில் கேட்டும் ஓகஸ்ட் 20 வரையில் தாமதித்தார்கள். மொத்த மரணங்கள் 16,000 ஐத் தாண்டின. இராணுவத் தலைமை அப்போதும் அப்படியே இருந்தது. பிரம்பினால்தான் தப்பினோம் என்றால், இந்த 16,000 பேரைப் பிரம்பு ஏன் காப்பாற்றவில்லை?

ஜனாஸாக்களை எரித்த வர்த்தமானி

பிரம்பின் உண்மை முகம் தெரிந்த இடம் ஒன்று உண்டு. 2020 ஏப்ரல் 11 இல் ஒரு வர்த்தமானி வெளியானது. கொவிட்டினால் இறந்தவரின் உடல், இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவரின் உடலும்கூட, 800 முதல் 1200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரிக்கப்பட வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ்? அதே 1897 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். பிளேக் நோய்க்குப் பயந்து வெள்ளையன் எழுதி வைத்த பிரம்பை, 123 வருடங்களின் பின்னர் சுதேச அரசாங்கம் பரணிலிருந்து எடுத்துத் தன் குடிமக்களில் ஒரு பகுதியினரின் மையித்தின் மீது வீசியது.

அடக்கம் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். உலக நாடுகளில் அடக்கம் நடந்துகொண்டிருந்தது. 2020 டிசம்பர் 1 இல் உயர் நீதிமன்றம் காரணம் கூறாமலே மனுக்களை நிராகரித்தது. இருபது நாள் குழந்தை ஒன்று பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அரசாங்கம் நியமித்த நிபுணர் குழு ஒன்று அடக்கமும் செய்யலாம் என்று கூறிய பின்னரும் எரிப்பு நிற்கவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில், பாகிஸ்தான் பிரதமர் வந்து சென்ற கையோடு, ஜெனீவா வாக்கெடுப்பு நெருங்கிய வேளையில் அனுமதி வந்தது. ஒரு வாரத்தில் விஞ்ஞானம் மாறிவிடவில்லை. எண்ண வேண்டிய வாக்குகள் மாறின.

அனுமதி வந்த பின்னரும் இடம் எங்கே என்று பார்த்தார்கள். முதலில் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவைக் காட்டினார்கள். நீண்ட போராட்டத்தின் பின்னர் 2018 இல்தான் கடற்படையிடமிருந்து தம் மண்ணுக்குத் திரும்பிய தமிழ் மீனவர்களின் தீவு அது. எதிர்ப்பு எழவே, மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்கு மாற்றினார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டிருக்கிறார்கள். கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் வாழ்ந்து இறந்தவர்கள், இராணுவ வாகனத்தில் இராப்பயணம் செய்து, முன்பின் காணாத மண்ணில் உறங்குகிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு அடக்கத்தைத் திருப்பித் தராது.

இந்த இடத்தில் என் சொந்தக் கணக்கையும் தீர்க்க வேண்டும். 2020 டிசம்பரில் நான் ஒரு பத்தி எழுதினேன். இரு தரப்பும் உணர்ச்சிவசப்படக் கூடாது, விஞ்ஞானிகளிடம் விட்டுவிடுவோம் என்ற பாணியில் அமைந்த, எவரையும் நோகச் செய்யாத பத்தி. வெளியான அன்று காலை, முன்னர் என்னோடு ஒப்புநோக்குநராகப் பணிபுரிந்த முஸ்லிம் சகோதரர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணன், விஞ்ஞானிகள் எப்பவோ சொல்லிட்டாங்களே. நீங்க படிக்கல்லியா?" என்று மட்டும் கேட்டார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவருடைய வாப்பா அப்போது வைத்தியசாலையில் இருந்தார். அடுத்த வாரம் மௌத்தானார். எரித்தார்கள். சாம்பலை வாங்க அவர் போகவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலை நான் படித்திருந்தேன் என்பதே உண்மை. படித்திருந்தும் நடுநிலை என்ற போர்வைக்குள் ஒளிந்துகொண்டேன். 1935 இன் பத்திரிகைக்காரர்கள் கேள்வி கேட்டார்கள் என்று இளவயதில் வியந்த நான், என் முறை வந்தபோது கேட்கவில்லை. எங்கள் தொழிலில் பலரும் அவ்வாறே இருந்தனர். சிலர் அதைவிட மோசமாக, நோயாளியின் மதத்தைத் தலைப்பிலே போட்டார்கள். பிரம்பு வலுப்பெறுவதற்கு ஆட்சியாளரின் ஆசை மட்டும் போதாது. எங்களைப் போன்றோரின் மௌனமும் வேண்டும்.

அந்த மௌனத்தை உடைத்தவர்கள் வேறு சிலர். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்தவர்கள் தம் கோரிக்கைகளோடு ஜனாஸா எரிப்பையும் எதிர்த்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வீதியில் நடந்தார்கள். எத்தனையோ கசப்புகளின் பின்னர் அது நிகழ்ந்தது. நோய் எமக்கு விட்டுச் சென்றவற்றுள் பேணத்தக்க ஒன்று உண்டென்றால் அதுவே.

இனி செய்ய வேண்டியது

1918 இன் இன்புளுவன்சா நியூசிலாந்தைத் தாக்கிய பின்னர் அந்நாடு என்ன செய்தது? 1919 இல் ஆணைக்குழு அமைத்து விசாரித்தது. 1920 இல் சுகாதாரச் சட்டத்தையே புதிதாக எழுதியது. தவறை ஒப்புக்கொண்டு சட்டத்தை மாற்றுவது பலவீனமல்ல என்பதற்கு நூறு வருட முன்மாதிரி இருக்கிறது.

எமது தேவையும் அதுவே. 1897 இன் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய பொதுச் சுகாதாரச் சட்டம் வேண்டும். அவசர விதி எதுவாயினும் குறித்த நாளில் தானாகக் காலாவதியாக வேண்டும். நீடிப்பதாயின் பாராளுமன்றம் காரணம் கேட்டு வாக்களிக்க வேண்டும். விதிக்கு அடிப்படையான மருத்துவ ஆதாரம் மூன்று மொழிகளிலும் வெளியிடப்பட வேண்டும். இறந்தவரின் உடல் மீதான உரிமை குடும்பத்துக்கு உரியது என்று எழுத்தில் இருக்க வேண்டும். நோய்த் தடுப்பின் தலைமை மருத்துவரிடம் இருக்க வேண்டும். இராணுவம் தேவையென்றால் வாகனமும் கட்டிலும் கொண்டுவந்து தரட்டும். தோட்ட லயங்களுக்கும் வன்னிக் கிராமங்களுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் குறைவின்றிப் போய்ச்சேர வேண்டும்.

செலவுக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் வீழ்ந்து, வைத்தியசாலைகளில் மருந்தே இல்லாமற் போன பின்னர் அந்தக் கேள்வி நியாயமாகத் தோன்றலாம். 1935 இல் இலங்கை செல்வந்த நாடாக இருக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலையும் இறப்பரும் விழுந்து கிடந்த காலம் அது. அந்த வறுமையில்தான் வைத்தியசாலைகளைக் கட்டத் தொடங்கினார்கள். கேகாலைத் தாயின் வாக்குக்குப் பயந்துதான் கட்டினார்கள்.

அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்பதை எவரும் சொல்ல முடியாது. வரும்போது அரசாங்கத்தின் கை எட்டும் தூரத்தில் எது இருக்கப் போகிறது என்பதை இன்றே தீர்மானிக்கலாம். வெள்ளவத்தை நண்பரை மீண்டும் ஒரு பந்தியில் சந்தித்தால் ஒன்றைத்தான் கேட்க இருக்கிறேன்: ஐயா, நீங்கள் கொவிட் பிடித்துப் படுத்தபோது உங்களைக் காப்பாற்றியது எது? களுபோவிலை ஆஸ்பத்திரிக் கட்டிலா, ஊரடங்கு வர்த்தமானியா?